கரையானுக்கு வாயு செலுத்திய வீட்டில் கண் எரிகிறது: இது எஞ்சிய நச்சா, வெறும் பயமா?

கீழ்வானம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் உலர்மரக் கரையான் கதவு நிலைகளைத் தாண்டிக் கூரை உத்தரம் வரை போய்விட்டது. ஜன்னல் விளிம்பில் மணல்போல அதன் கழிவு தினமும் கொட்டியது. வேறு வழியில்லை என்று வீடு முழுவதையும் கூடாரத்தால் மூடி வாயு செலுத்தினார்கள். பிறகு கூடாரத்தைப் பிரித்து, வாசல் கதவில் 'உள்ளே செல்லலாம்' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள். நேற்று மாலை குடும்பத்தோடு திரும்பி வந்தோம்.

வந்ததிலிருந்து எனக்குக் கண் எரிகிறது. மாடிப்படிக்கு அடியில் உள்ள சாமான் அறைப் பக்கம் போனால் கண்ணீரே வருகிறது. கணவருக்குத் தலைவலி. மகள் தவழும் வயது. இப்போதைக்கு நன்றாகத்தான் விளையாடுகிறாள். நிறுவனத்தை அழைத்தால், "அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்களுக்குக் கண் எரிவதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்கிறார்கள்.

சுவர், மெத்தை, பாத்திரம், உடைகளில் மருந்து தங்கியிருக்குமா? வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் கிடக்கும் என்று ஓரிடத்தில் படித்தேன். குழந்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது.

நெறியாளர் எழுதியது:

விவாதம் பிறகு நடக்கட்டும். கண் எரிகிறது என்றால் எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள். பொருள்களை எடுக்கவோ ஜன்னல்களைத் திறக்கவோ நின்று நேரம் கடத்த வேண்டாம். குழந்தைக்கு வாந்தி, மந்தம், மூச்சு வேகம் எது தெரிந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் ஊரில் நச்சுத் தகவல் மையம் இருந்தால் அதன் எண்ணை அழையுங்கள். இந்த விவாத இழை அதற்கு மாற்று அல்ல.

கீழ்வானம் எழுதியது:

வெளியே வந்துவிட்டோம். தோழி வீட்டில் இருக்கிறோம். இங்கே வந்ததும் எரிச்சலும் தலைவலியும் குறைந்திருக்கின்றன. மகள் வழக்கம்போலத்தான் இருக்கிறாள்.

பழைய கூடாரக்காரன் எழுதியது:

அம்மா, நான் இந்தத் தொழிலில் வெகுகாலம் இருந்தவன். முதலில் ஒன்று கேட்கிறேன்: செலுத்திய மருந்தின் பெயர் என்ன? 'கரையான் மருந்து' என்பது பெயர் அல்ல. வேலை ஒப்பந்தத்திலோ கதவில் ஒட்டிய எச்சரிக்கை அட்டையிலோ எழுதியிருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே நாங்கள் பேசுவதெல்லாம் குருட்டாம்போக்கு.

கூடாரம் போட்டு அடிப்பது பெரும்பாலும் சல்ஃபியூரைல் ஃபுளோரைடு. அப்படியென்றால் நிறுவனம் உங்களிடம் சொன்னது பாதி உண்மை. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, கண்ணையும் எரிக்காது. அதனாலேயே அதைத் திறந்துவிடுவதற்கு முன்பு குளோரோபிக்ரின் என்ற திரவத்தைச் சிறிது வீட்டுக்குள் வைப்போம். ஆழமில்லாத தட்டில் பஞ்சு, அதன் மேல் திரவம், எதிரே மின்விசிறி. அதன் ஆவி கண்ணைப் பிடுங்கும். யாராவது உள்ளே ஒளிந்திருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும் வெளியே ஓடிவரட்டும் என்பதற்காக. முதல் உலகப் போரில் படைவீரர்கள் மீது வீசப்பட்ட அதே பொருள்தான். அதை நாங்கள் 'எச்சரிக்கை மருந்து' என்போம்.

ஆகவே, கண் எரிவதற்கும் உங்கள் வீட்டில் நடந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, அல்லது உங்களைத் தட்டிக்கழிக்கிறார்.

சந்தேகி எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஃபுளோரைடு என்று பெயரிலேயே இருக்கிறது. அது சுவரிலும் துணியிலும் பாத்திரத்திலும் ஊறிப்போயிருக்கும். மெத்தை, பொம்மை, துணிமணி அனைத்தையும் வீசிவிடுங்கள். பாத்திரங்களைப் பத்து முறை கழுவுங்கள். ஆறு மாதத்துக்காவது அந்த வீட்டுக்குள் குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். எல்லா நிறுவனங்களும் பொய்தான் சொல்லும்.

திருகாணி எழுதியது:

சந்தேகி அவர்களே, பயமுறுத்துவதற்கு முன்னால் அந்த வாயுவின் குணத்தைப் பார்ப்போம். சல்ஃபியூரைல் ஃபுளோரைடின் கொதிநிலை கழித்தல் 55 டிகிரி செல்சியஸ். அறை வெப்பத்தில் அது சுவரில் படிந்து உட்காராது. மரத்துக்குள் எவ்வளவு சுலபமாக நுழைகிறதோ அவ்வளவு சுலபமாக வெளியேறிவிடும். எண்ணெய்ப் பசைபோல் படலமாக ஒட்டுவதில்லை. பாத்திரங்களையும் துணிகளையும் கழுவ வேண்டியதில்லை என்று வழிகாட்டிகள் சொல்வது இதனால்தான். இதற்கு வேறொரு சான்றும் உண்டு: இந்த முறையில் கரையானை ஒழித்த வீட்டுக்கு மறு வாரமே புதுக் கரையான் வந்தால் தடுக்க எதுவும் இல்லை. மருந்து மரத்தில் தங்கினால் அல்லவா தடுக்கும்?

ஆனால் 'உடனே போய்விடும்' என்பதும் சரியில்லை. நுரை மெத்தை, தலையணை, கூரையில் வைக்கும் பாலிஸ்டைரின் தகடு போன்றவை வாயுவை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். மூடிய அலமாரி, பரண், சுவரின் உள்வெளி ஆகிய இடங்களில் காற்று ஓடாது. கதவு ஜன்னலைத் திறந்ததும் கூடத்தில் பூஜ்யம் காட்டும் வாயு அளக்கும் மானி, ஜன்னலை அடைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேறு எண்ணைக் காட்டலாம்.

கணக்காகவே பார்க்கலாம். உதாரணத்துக்கு, ஒரு கனமீட்டர் காற்றில் 16 கிராம் வாயு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்பது இந்த வாயுவுக்குக் கனமீட்டருக்குச் சுமார் 4.2 மில்லிகிராம். ஆக, மூடிய வீட்டுக்குள் இருந்தது ஏறத்தாழ 3,800 பி.பி.எம். அமெரிக்காவில் இந்த மருந்தின் லேபிள்படி மனிதர்கள் திரும்பக் குடிபுக வேண்டுமானால் 1 பி.பி.எம். அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். (முன்பு இந்த எல்லை 5 ஆக இருந்தது, பிறகு குறைத்தார்கள்.) காற்று நன்றாகக் கலக்கும் வீட்டில், வீட்டின் கொள்ளளவு காற்று ஒரு முறை மாறினால் நச்சு 37 விழுக்காடாகக் குறையும். 3,800 ஒன்றாவதற்கு எட்டு முறைக்கு மேல் மாற வேண்டும். பெரிய மின்விசிறிகள் ஓடினால் இது சில மணி நேர வேலைதான். விசிறியே இல்லாமல், அலமாரிகளைத் திறக்காமல், கூடாரத்தை மட்டும் பிரித்துவிட்டுப் போனால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

தரையோடு கிடக்கும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்கிறேன். வாயு காற்றைப்போல மூன்றரை மடங்கு கனமானது என்பது சரி. சிலிண்டரிலிருந்து வெளிவரும்போது அது கீழே இறங்கும். ஆனால் ஒரு முறை காற்றோடு கலந்துவிட்டால் தானாகப் பிரிந்து தரையில் படியாது. ஒன்றிரண்டு பி.பி.எம். அளவில் தவழும் குழந்தையின் மூக்குக்கும் நிற்கும் தாயின் மூக்குக்கும் வேறுபாடு இல்லை.

சந்தேகி எழுதியது:

கணக்கெல்லாம் ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. செத்தவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். ஃப்ளோரிடாவில் ஒரு சிறுவனுக்கு மூளையே பாதிக்கப்பட்டதே, அது என்ன?

இரவுப்பணி எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவன் நான். சந்தேகியின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அந்த நிகழ்வு உண்மை. 2015இல் ஃப்ளோரிடாவில் கரையானுக்காக வாயு செலுத்திய வீட்டுக்குத் திரும்பிய குடும்பம் நோயுற்றது. சிறுவனுக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. வீட்டைச் சரியாகக் காற்றோட்டம் செய்யவில்லை என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அதற்கும் முன்னால் வர்ஜீனியாவில் நடந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987இல் வெளியிட்டது. வயதான தம்பதி, வாயு செலுத்திய வீட்டுக்குத் திரும்பினார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து விசிறியும் வைத்திருந்தார்கள். ஆனால் உள்ளே எவ்வளவு வாயு மிச்சம் என்று எவரும் அளக்கவில்லை. சோர்வு, குமட்டல், மூச்சுத் திணறல். கணவர் ஒரு நாளுக்குள் வலிப்பு வந்து இறந்தார். மனைவி சில நாள்களுக்குப் பின் இதயத் துடிப்புக் குலைந்து இறந்தார்.

இரண்டிலும் சாவும் ஊனமும் வந்தது பாத்திரத்தில் ஒட்டிய துகளால் அல்ல. காற்றில் இருந்த வாயுவால். இரண்டிலும் மானி சரியாகப் பேசியிருந்தால் அந்தக் குடும்பங்கள் வாசலிலேயே நின்றிருக்கும். நான் 'எல்லா நிறுவனங்களும் பொய்' என்று சொல்லமாட்டேன். 'எண்ணைக் காட்டு' என்று மட்டும் சொல்வேன்.

உடலில் நடப்பது இது. உள்ளே போன வாயு ஃபுளோரைடாகவும் சல்ஃபேட்டாகவும் உடைகிறது. கரையானுக்கு, சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும் நொதிகளை ஃபுளோரைடு முடக்குகிறது. மனிதனுக்கு அதிக அளவில் போனால் இரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதயம் தாளம் தப்புகிறது. தொண்டை எரிச்சல், குமட்டல், வயிற்று வலி, பேச்சிலும் நடையிலும் மந்தம், மரத்துப்போதல் என்று தொடங்கி, மோசமானால் வலிப்பும் நுரையீரலில் நீர் கோப்பதும் வரும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் தாமதித்தும் வரலாம். அதனால்தான் கணிசமாகச் சுவாசித்தவரை ஒரு நாளாவது கண்காணிப்பில் வைக்கிறோம். இதற்கென்று முறிமருந்து கிடையாது.

கீழ்வானம் அவர்களே, உங்கள் கணவரை இன்றே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். இ.சி.ஜி., கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், ஆக்சிஜன் அளவு பார்த்தால் போதும். 'ஃபுளோரைடு டெஸ்ட்' எடுக்க அலைய வேண்டாம்: இரத்தத்தில் அது சில மணி நேரங்களிலேயே பாதியாகக் குறையும், சிறுநீரில் தேநீராலும் பற்பசையாலும்கூட ஏறும். நாள் கழித்து எடுத்த முடிவை வைத்துக்கொண்டு நானே எதுவும் சொல்ல முடியாது.

ஒரே வீட்டில் இருவருக்கு உபாதை, வெளியே வந்தால் குறைகிறது என்று கேட்டதும் எனக்கு முதலில் தோன்றுவது வேறு: கார்பன் மோனாக்சைடு. வாயு செலுத்துவதற்கு முன் அடுப்பு, வெந்நீர் ஹீட்டர் ஆகியவற்றின் எரிவாயு இணைப்பை நிறுத்துவார்கள். நெருப்புப் பட்டால் சல்ஃபியூரைல் ஃபுளோரைடு சிதைந்து கண்ணாடியையே அரிக்கும் அமிலமாகும். வேலை முடிந்து ஹீட்டரை மறுபடி பற்றவைக்கும்போது அது சரியாக எரியாமல் போனால் கார்பன் மோனாக்சைடு கிளம்பித் தலைவலி வரும். அதையும் பார்த்துவிடுங்கள்.

கீழ்வானம் எழுதியது:

மிக்க நன்றி டாக்டர். கணவருக்கு இ.சி.ஜி.யும் இரத்தமும் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். மருந்தின் பெயர் சல்ஃபியூரைல் ஃபுளோரைடு என்றுதான் இருக்கிறது. நிறுவனத்தை மறுபடி அழைத்தேன். 'வாயுவை அளந்துவிட்டுத்தான் சீட்டு ஒட்டினோம்' என்கிறார்கள். எண் என்ன என்று கேட்டால், 'கிளியர் என்று வந்தது' என்கிறார்கள்.

பழைய கூடாரக்காரன் எழுதியது:

'கிளியர்' என்பது எண் அல்ல அம்மா.

இந்தத் தொழிலில் இரண்டு வகை மானிகள் உண்டு. ஒன்று, வாயு செலுத்தும்போது போதிய அளவு நிறைந்ததா என்று பார்ப்பது. அது கனமீட்டருக்கு எத்தனை கிராம் என்று காட்டும். அதன் முள்ளுக்கு ஒரு கிராமுக்குக் கீழே எதுவும் தெரியாது; ஒரு கிராம் என்பதே சுமார் 240 பி.பி.எம். அந்த மானி பூஜ்யம் காட்டியது என்று சீட்டு ஒட்டினால் உள்ளே இருநூறு பி.பி.எம். இருக்க வாய்ப்புண்டு. 200 பி.பி.எம். என்பது தொழிலிடத்தில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட எல்லை.

இன்னொன்று, குடிபுகச் சான்று தருவதற்கென்றே உள்ள மானி. அதில் ஒரு வகை வாயுவைச் சூட்டில் உடைத்து, வெளிவரும் கந்தக டை ஆக்சைடை உணரியால் அளக்கும். இன்னொரு வகை அகச்சிவப்புக் கதிரால் அளக்கும். இரண்டும் ஒரு பி.பி.எம். அளவைப் பிடிக்கும். உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் அளவுத்திருத்தம் (மானி சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது) செய்திருக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவுதான். எந்த மானி? கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தது? ஒவ்வோர் அறையிலும், ஆட்கள் நிற்கும், உட்காரும், படுக்கும் உயரத்தில் வந்த எண் என்ன? எத்தனை மணிக்கு? இதைத் தாளில் எழுதி வைக்காமல் யாரும் சீட்டு ஒட்டக்கூடாது. மறுபடி வந்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். வர மறுத்தால், உங்கள் நாட்டில் பூச்சிக்கொல்லிக்கு உரிமம் வழங்கும் துறைக்கு எழுதுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே வண்டி வந்துவிடும்.

ஒன்று கவனம்: எச்சரிக்கை மருந்தின் எரிச்சல் இல்லை என்றால் வாயுவும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குளோரோபிக்ரினுக்குக் கொதிநிலை 112 டிகிரி. அது வேறு வேகத்தில் வெளியேறும், இது வேறு வேகத்தில் வெளியேறும். எரிச்சல் இருக்க வாயு போயிருக்கலாம். எரிச்சல் போயிருக்க வாயு இருக்கலாம்.

எழுதாத பேனா எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கி வைத்தால் போதாதா? நாங்கள் ஒன்று வைத்திருக்கிறோம். அப்புறம், மீன் தொட்டியை உள்ளே வைத்து மீன் பிழைத்தால் வீடு பாதுகாப்பு என்கிறார்களே?

திருகாணி எழுதியது:

சுத்திகரிப்பானின் நுண்வடிகட்டி தூசியைப் பிடிக்கும்; வாயுவைப் பிடிக்காது. கரித்தூள் அடுக்கு இருந்தால் குளோரோபிக்ரினை ஓரளவு உறிஞ்சும், ஆனால் சல்ஃபியூரைல் ஃபுளோரைடுக்கு அதை நம்ப முடியாது. அந்தத் தொழிலாளர்களே கரி வடிகட்டி முகமூடியோடு உள்ளே போவதில்லை. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஜன்னலும் விசிறியும்தான் வழி. மீனைப் பற்றி: அதைக் கொல்வதற்கு முன்பு பக்கத்துக் கடையில் மானி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

'எந்த மருந்து' என்று கூடாரக்காரர் கேட்டதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த இழையைப் படிக்கும் எல்லோர் வீட்டிலும் கூடாரம் போட்டிருக்கமாட்டார்கள். பல நாடுகளில் கரையான் மருந்து என்றால் தரையில் துளையிட்டு மண்ணுக்குள் செலுத்தும் திரவம்தான். அது முற்றிலும் வேறு கதை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டவை அவை. பழைய மருந்தான குளோர்டேனை அமெரிக்கா 1988இல் நிறுத்தியது. அதற்கு முன் மருந்து செலுத்திய வீடுகளில் பல ஆண்டுகள் கழித்தும் அறைக்காற்றில் அதைக் கண்டார்கள். ஆகவே, கூடாரம் போட்ட வாயுவுக்கு 'எதுவும் மிஞ்சாது' என்பது பொருந்தலாம். மண்ணில் ஊற்றிய திரவத்துக்கு அதையே சொல்லக்கூடாது.

மூன்றாவது வகைதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் வாயுவை விடும். 2010இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வீட்டருகே எலி வளைக்கு வைத்த மாத்திரையிலிருந்து வந்த வாயுவால் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2017இல் டெக்சஸில் வீட்டுக்கு அடியில் வைத்ததைக் கழுவ யாரோ தண்ணீர் பீய்ச்ச, வாயு கிளம்பி நான்கு குழந்தைகள் இறந்தார்கள். குடியிருக்கும் வீட்டில் அந்த மாத்திரைக்கு இடமே இல்லை. யாராவது கரையானுக்கு என்று அதைக் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

சந்தேகி எழுதியது:

சரி, ஒரு நாள் அதிகம் சுவாசித்தால் என்ன ஆகும் என்று சொன்னீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தால்? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

இரவுப்பணி எழுதியது:

நியாயமான கேள்வி. தெற்கு ஃப்ளோரிடாவில் இந்தத் தொழிலாளர்களை ஆராய்ந்து 1998இல் ஒரு கட்டுரை வந்தது. சல்ஃபியூரைல் ஃபுளோரைடோடு அதிகம் புழங்கியவர்களுக்கு வடிவங்களை நினைவில் வைக்கும் சோதனையிலும் மணம் அறியும் சோதனையிலும் மதிப்பெண் குறைந்தது. ஆனால் அவர்கள் நாளுக்கு நாள் இந்த வாயுவுக்கு நடுவே உழைத்தவர்கள். வாழ்நாளில் ஒரு முறை வாயு செலுத்தி, ஒரு பி.பி.எம்.க்குக் கீழே இறங்கிய வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்தின் நிலை அது அல்ல. தினமும் அதில் இறங்கும் தொழிலாளியைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும். அவரைப் பற்றி எந்த இழையிலும் யாரும் கேட்பதில்லை.

கீழ்வானம் எழுதியது:

இன்று வந்தார்கள். உரிமத் துறையின் பெயரைச் சொன்னேன்; கூடாரக்காரர் ஐயா சொன்னதுபோலவே வண்டி வந்துவிட்டது.

நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். கைப்பெட்டி அளவில் ஒரு மானி. அதை வாசலில் வைத்துச் சூடாகும் வரை காத்திருந்து, வெளிக்காற்றில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார் அந்த இளைஞர். அளவுத்திருத்தம் செய்த தேதி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது, படம் எடுத்துக்கொண்டேன். கதவு ஜன்னல்களை முந்தின இரவே அடைக்கச் சொல்லியிருந்தேன். கூடம் 0, சமையலறை 0, படுக்கையறை 0. குழந்தையின் கட்டில் மீது குழாயைப் பிடிக்கச் சொன்னேன், 0. விருந்தினர் மெத்தையை மடித்து வைத்த அலமாரியைத் திறந்ததும் திரையில் 0.4 என்று வந்தது. அந்த மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தோம். வாயு செலுத்துவதற்கு முன்பு அதைக் கழற்றச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. உறையைக் கிழித்து மெத்தையை மொட்டை மாடியில் போட்டாயிற்று.

அடுத்து மாடிப்படிக்கு அடியில். மானி 0 என்றது. ஆனால் எங்கள் இருவர் கண்ணிலும் நீர். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பின்சுவரோரம், பழைய சூட்கேஸுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அலுமினியத் தட்டு. அதில் மஞ்சளேறிச் சுருங்கிய பஞ்சு. எச்சரிக்கை மருந்து வைத்த தட்டை எடுக்காமலே போயிருக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் கையுறை மாட்டி, தடித்த பையில் போட்டுக் கட்டி, வண்டியில் வைத்துவிட்டு வந்தார். ஹீட்டரையும் ஒருவர் சோதித்தார். கார்பன் மோனாக்சைடு இல்லை.

முதல் நாளின் பதிவுத் தாளைக் கேட்டு வாங்கினேன். அறைகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. எதிரே எண் எழுத வேண்டிய கட்டங்களில் எல்லாம் ஒரே பேனாவில் சரி அடையாளம். ஒரு கட்டத்தில்கூட எண் இல்லை.

பழைய கூடாரக்காரன் எழுதியது:

அந்தத் தாளை நகலெடுத்து உரிமத் துறைக்கு அனுப்புங்கள். வீடு சரியாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தட்டை மறந்தது ஒருவருடைய கவனக்குறைவு. எண் எழுத வேண்டிய இடத்தில் சரி அடையாளம் போடுவது அந்த நிறுவனத்தின் பழக்கம். அடுத்த வீட்டிலும் அதையேதான் செய்வார்கள்.

சாமான் அறையை இரண்டு நாள் திறந்து வைத்து விசிறி ஓடவிடுங்கள். துணி, அட்டைப்பெட்டிகளை வெயிலில் போடுங்கள். குளோரோபிக்ரின் அவற்றில் கொஞ்சம் ஊறியிருக்கும், போய்விடும். எரிச்சல் முற்றிலும் நின்ற பிறகு குழந்தையை அந்தப் பக்கம் விடலாம்.

கீழ்வானம் எழுதியது:

அனுப்பிவிட்டேன் ஐயா. கண்ணெரிச்சல் நின்றுவிட்டது. இன்னொன்று: பிரித்த மாத்திரை அட்டைகளும் குழந்தையின் பால் பொடி டப்பாவும் சமையலறையிலேயே இருந்தன. அவர்கள் தந்த நைலான் பையில் போட்டுக் கட்டித்தான் வைத்தேன். பயன்படுத்தலாமா?

பழைய கூடாரக்காரன் எழுதியது:

இரண்டு பை, ஒன்றுக்குள் ஒன்று, வாயை முறுக்கி மடித்து ஒட்டியிருந்தால் பயன்படுத்தலாம். ஒரே பையைச் சும்மா முடிச்சுப் போட்டிருந்தால் எறிந்துவிடுங்கள். குழந்தை விஷயத்தில் ஒரு டப்பாவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். என் கேள்வி வேறு. எங்கள் வீட்டில் மருந்து அடிக்கவில்லை. சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டில் அடுத்த வாரம் கூடாரம் போடப் போகிறார்கள். 'உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம்' என்கிறார்கள். இருக்கலாமா?

இரவுப்பணி எழுதியது:

இருக்க வேண்டாம். 2015இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் விடுமுறைக்குப் போன ஒரு குடும்பம் தங்கிய குடியிருப்புக்கு நேர் கீழே இருந்த வீட்டில் மெத்தில் புரோமைடு செலுத்தினார்கள். அமெரிக்காவில் வீட்டுக்குள் பயன்படுத்த 1984லேயே தடைசெய்யப்பட்ட வாயு அது. மேலே இருந்த பெற்றோரும் இரண்டு மகன்களும் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டுப் படுக்கையில் விழுந்தார்கள். அவர்கள் வீட்டில் யாரும் எதையும் அடிக்கவில்லை.

பழைய கூடாரக்காரன் எழுதியது:

சுவரைப் பகிர்ந்தால் அது ஒரே கட்டடம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தையும் காலி செய்து, மொத்தத்துக்கும் கூடாரம் போட வேண்டும். அல்லது இரண்டையும் இணைக்கும் வழிகளை அடைத்து, உங்கள் பக்கத்திலும் மானி வைத்து அளக்க வேண்டும். வாயு சுவர் வழியாக மட்டும் வராது. மின்கம்பி ஓடும் குழாய், தண்ணீர் வற்றிய வடிகால் குழாய், பழைய தொலைபேசிக் குழாய் எல்லாம் அதற்கு வழிதான். தள்ளியிருக்கும் வீட்டுக்கே நிலத்தடிக் குழாயில் போகும். 'எங்கள் பக்கம் வரும் குழாய்களையெல்லாம் பார்த்தீர்களா, எங்கள் பக்கம் யார் அளப்பார்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள்.

மாடிவீட்டுக்காரி எழுதியது:

கேட்டேன். குழாய்களைப் பற்றி 'பார்த்துச் சொல்கிறோம்' என்று பதில் வந்தது. அளப்பதைப் பற்றிப் பதிலே இல்லை. கூடாரம் பிரித்து, எங்கள் அறைகளையும் அளந்து எண்ணை எழுதித் தரும்வரை அக்கா வீட்டில் இருப்பதாக முடிவு செய்துவிட்டோம். கீழ் வீட்டுப் பெரியவரையும் கூட்டிப் போகிறோம். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லை.